ரம்முக்கு ஒரு மாதம், பழச்சாற்றுக்கு ஓர் இரவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், வரவிருக்கும் கிறிஸ்துமஸை முன்னிட்டு, ஆரஞ்சும் உலர்பழங்களும் சேர்த்து வீட்டிலேயே கேக் செய்யும் முறை வெளியாகியிருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவள், அதைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாகவே இந்தக் கேக்கைச் செய்து வருபவள் என்ற இரண்டு உரிமைகளோடும் இக்கடிதத்தை எழுதுகிறேன். குறிப்பை எழுதியவர் கைப்பழக்கம் உள்ளவர் என்பது அளவுகளைப் பார்த்தாலே தெரிகிறது. மைதா, வெண்ணெய், முட்டை, பழம் ஆகியவற்றின் விகிதத்தில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கடைசியில், போகிற போக்கில் சேர்த்ததுபோல் ஒரு வரி இருக்கிறது. மது சேர்க்க விரும்பாதவர்கள் ரம்முக்குப் பதிலாக அதே அளவு ஆரஞ்சுச் சாற்றை ஊற்றி, உலர்பழங்களைக் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் ஒரு மாதம் ஊறவைக்கலாம் என்கிறது அந்த வரி. அது அச்சேறியிருக்கவே கூடாது.

அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு அன்றைக்கே ஜாடியில் போட்டு மூடி வைத்தவர்கள் இருந்தால், அவர்கள் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாடியைக் குலுக்க வேண்டாம். ஒரு கனமான துணியைப் போர்த்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியை மெல்ல மெல்லத் தளர்த்தி உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றுங்கள். நுரையோ புளித்த வாடையோ இருந்தால் பழத்தின் விலையைப் பாராமல் கொட்டிவிடுங்கள். முந்திரியும் பேரீச்சையும் இன்று விற்கும் விலையில் இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லைதான். ஆயினும் வேறு வழியில்லை.

இதை நான் ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. 1986-ஆம் ஆண்டு, வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு, இதே தவற்றை நானே செய்தேன். அப்போது நாங்கள் தோட்டப்பாளையத்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டில் யாரும் மதுவைத் தொட மாட்டார்கள் என்பதால், அரை கிலோ உலர்திராட்சையையும் பேரீச்சையையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, கமலா ஆரஞ்சுச் சாற்றைக் கழுத்துவரை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தபோது மூடி நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. திருகினேன், புஸ்ஸென்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து பழுப்பு நிற நுரை பொங்கி என் மணிக்கட்டில் வழிந்தது, நுரையோடு நாலைந்து திராட்சைகளும் உருண்டு தரையில் விழுந்தன. வீடு முழுவதும் கள் வாடை. திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நைனா தலையைக் கூட நிமிர்த்தாமல், "இன்னாம்மா, படிச்சு முடிச்ச உடனே காய்ச்ச ஆரம்பிச்சிட்டியா?" என்றார். பாட்டில் வெடிக்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

ரம்மில் ஏன் இது நடப்பதில்லை என்பதற்கு விடை எளியது. நம் நாட்டில் விற்கப்படும் ரம்மில் வழக்கமாக நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால் இருக்கிறது; அந்தச் செறிவில் ஈஸ்டோ பூஞ்சையோ பிழைக்காது. ஆகவே ஒரு மாதம் என்ன, ஒரு வருடம் கூடப் பழம் கெடாமல் கிடக்கும். ஆரஞ்சுச் சாறோ ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரையும் மீதி பெரும்பாலும் தண்ணீருமாக இருப்பது. திராட்சைத் தோலில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் ஈஸ்டுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் அது வெளிவிடுகிறது. இட்லி மாவு பொங்குவதற்குக் காரணமான கிருமிகள் வேறு என்றாலும், பொங்கவைப்பது இதே வாயுதான். குளிர்நாட்டு அலமாரியிலேயே இது நடக்கும் என்றால், கார்த்திகை மாதத்திலும் மதிய வேளையில் வியர்க்கும் வேலூரில் கேட்கவே வேண்டாம். ஊரெல்லாம் நம்மைக் கேலி செய்வார்களே, வேலூரில் வெயில் காலம், கடும் வெயில் காலம் என்று இரண்டே பருவங்கள்தான் என்று; அந்தக் கேலியைச் சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

மது வேண்டாம் என்பவர்கள் ஊறவைக்க வேண்டிய காலம் ஓர் இரவு மட்டுமே. அரை கிலோ உலர்பழத்துக்கு 150 மில்லி சாறு போதும். சாற்றை இளஞ்சூடாக்கி, பொடியாக நறுக்கிய பழத்தின் மேல் ஊற்றி, ஆறியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். காலையில் பார்த்தால் சாறு முழுவதையும் பழம் குடித்திருக்கும். அடியில் கொஞ்சம் தங்கியிருந்தால் வடித்துத் தனியே எடுத்துவைத்து, கேக் வெந்த பிறகு மேலே தடவப் பயன்படுத்தலாம். ஈரம் சொட்டும் பழத்தை அப்படியே மாவில் கொட்டினால் அது அடியில் போய்த் தங்கிக் களியாகிவிடும். பழத்தின் மேல் மைதாவைத் தூவினால் தங்காது என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது, மாவு கெட்டியாக இருந்தால் பழம் தானாகவே நிற்கும்.

சாற்றில் ஒரு மாதம் ஊறினால் மணம் ஏறும் என்று நினைப்பதும் இந்தத் தவற்றுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆரஞ்சின் மணம் சாற்றில் இருப்பது சொற்பம். அது தோலில், அதுவும் நிறமுள்ள மேல்தோலின் மிக மெல்லிய ஏட்டில், ஊசிமுனை அளவுள்ள எண்ணெய்ப் பைகளுக்குள் இருக்கிறது. வகுப்பில் பின்வரிசைப் பையன்கள் முன்னால் இருப்பவன் கண்ணில் ஆரஞ்சுத் தோலைப் பிதுக்குவதைக் கண்டிருக்கிறேன். கண்டித்த பிறகு, அதே தோலை மெழுகுவத்திச் சுடர் அருகே பிதுக்கிப் பொறி பறப்பதைக் காட்டிப் பாடமாகவும் நடத்தியிருக்கிறேன். அந்த எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் லிமோனீன் என்னும் பொருள். அது தண்ணீரில் கரையாது, வெண்ணெயில் நன்றாகக் கரையும். எனவே மேல்தோலை மட்டும் மெல்லத் துருவி, கேக்குக்கு அளந்து வைத்த சர்க்கரையோடு சேர்த்து விரல்நுனியால் இரண்டு நிமிடம் கசக்கினால் சர்க்கரை ஈர மணல்போல் ஆகி, அறை முழுவதும் மணக்கும். அந்தச் சர்க்கரையை வெண்ணெயோடு அடித்தால் கேக்கின் கடைசித் துண்டு வரை ஆரஞ்சு நிற்கும். எசென்ஸ் பாட்டிலுக்கு வேலையே இல்லை.

தங்கள் குறிப்பில் "ஆரஞ்சுத் தோலைத் துருவிச் சேர்க்கவும்" என்று மட்டுமே இருக்கிறது. எவ்வளவு ஆழம் என்று சொல்லவில்லை. இந்தக் கேக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா. 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறதல்லவா, அங்கே செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உடன் வேலை செய்த வெளிநாட்டுச் செவிலியர் ஒருவரிடமிருந்து அவர் கற்றது, எங்கள் தெருவுக்குக் கேக் வந்த வழி அதுதான். நான் துருவும்போது பக்கத்தில் நின்று, "ஏய், வெள்ளை தெரிஞ்ச எடத்துல கைய நிறுத்துடி, அதுக்கு மேல துருவுனா கேக்கு மருந்தாயிடும்" என்பார். மேல்தோலுக்கு அடியிலுள்ள அந்த வெள்ளைப் பகுதியில்தான் கசப்பு இருக்கிறது. நாக்பூரிலிருந்து வரும் தளர்ந்த தோல் கமலாவில் வெள்ளை குறைவு. சாத்துக்குடியில் கசப்பு அதிகம், அதன் தோலைப் புதியவர்கள் தொடாமல் இருப்பதே மேல். கடையில் பளபளப்பாக இருக்கும் வெளிநாட்டு ஆரஞ்சுகளின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரும் கல் உப்பும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே துருவ வேண்டும்.

சாத்துக்குடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பேரணாம்பட்டுப் பக்கத்துச் சாத்கர் ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. சாத்துக்குடி என்னும் பெயரே அவ்வூர்ப் பெயரிலிருந்து பிறந்தது என்று கூறுவாரும் உண்டு. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்தப் பழக் குடும்பத்தோடு உறவு புதிதல்ல என்பதற்காகச் சொன்னேன்.

அந்த உறவில் நார்த்தங்காய்க்குத் தனி இடம் உண்டு. மேல்நாட்டுக் கேக்குகளில் சேர்க்கும் சர்க்கரைப் பாகேறிய தோல் பெரும்பாலும் சிட்ரான் என்னும் பழத்தினுடையது. நம் நார்த்தையும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. மத்தியதரைக் கடலில் உள்ள கோர்சிகா தீவில் விளைந்த சிட்ரானை இரண்டாகப் பிளந்து, உப்பு நீர் நிரம்பிய பீப்பாய்களில் போட்டு இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு ஒரு காலத்தில் அனுப்புவார்களாம். அங்கே உப்பைக் கொதிநீரில் இறக்கிவிட்டுப் பாகில் போடுவார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆயா நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து உப்பு அடைத்து வெயிலில் போடுவாரே, அதுவும் பாதிவரை இதே வேலைதான். அவர் மோர்ச்சோற்றுக்குத் திரும்பிவிட்டார், அவர்கள் கேக்குக்குப் போய்விட்டார்கள்.

நான் கடந்த பல ஆண்டுகளாகச் செய்வது இதுதான். பழுத்து மஞ்சளான நார்த்தங்காய் இரண்டை எடுத்து, நான்காகப் பிளந்து, சாற்றுச் சுளையை நீக்கிவிட்டு, தடித்த தோலை மட்டும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல் உப்பு கரைத்த நீரில் இரண்டு நாள் போட்டுவைப்பேன். பிறகு புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இவ்வாறு மூன்று முறை. மூன்றாம் முறை ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால் கசப்பு ஓர் ஓரமாக மட்டும் தெரியும். அந்த ஓரக் கசப்பு இருக்க வேண்டும், அதுவும் போய்விட்டால் பிறகு பூசணிக்காய் அல்வாவுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அதன் பின் தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரையும் அதில் பாதி தண்ணீரும் சேர்த்து இளம்பாகாக்கி, அரிந்த தோலைப் போட்டுச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து இரவு முழுவதும் பாகிலேயே விட்டுவிடுவேன். மறுநாள் மீண்டும் சூடாக்கினால் தோல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பதத்துக்கு வரும், பாகும் கம்பிப் பதத்தை எட்டும். முதலிலேயே கெட்டிப் பாகில் போட்டால் தோலிலுள்ள தண்ணீரைப் பாகு வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், தோல் சுருங்கிச் செருப்புத் தோலாகிவிடும். ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. தேன் நெல்லி செய்யத் தெரிந்தவர்களுக்கும், ஆற்காட்டு மக்கன் பேடாவை ஜீராவில் ஊறவைக்கும் கடைக்காரர்களுக்கும் இந்தப் பொறுமை ஏற்கெனவே கைவந்தது. மழைக்காலமாதலால் வெயிலை நம்பாமல் மின்விசிறிக்குக் கீழே கம்பித் தட்டில் ஒரு நாள் உலர்த்தினால் போதும். ஆரஞ்சுத் தோலையும் இதேபோல் செய்யலாம். அதற்கு உப்பு நீர் தேவையில்லை, மூன்று கொதியும் பாகும் மட்டும்.

மாதக்கணக்கில் முன்கூட்டியே ஏதாவது செய்துவைத்தாக வேண்டும் என்று கை துறுதுறுப்பவர்கள் செய்ய வேண்டியது இந்தத் தோலைத்தான். நூற்றுக்கு அறுபத்தைந்து பங்குக்கு மேல் சர்க்கரை ஏறிய பொருளில் கிருமிகளுக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை, ஜாம் கெடாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

கடையில் கேக்குக்கென்று விற்கும் சிவப்புச் செர்ரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பகுதி நம் களாக்காய்தான். நிறம் ஏற்றிப் பாகில் போட்டது. டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். இரண்டும் நல்ல காய்களே, பொருளின் மீது எனக்குப் புகார் இல்லை. பொட்டலத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் 122, 124, 102 என்று அச்சிட்டிருக்கும் எண்கள் செயற்கை நிறங்களைக் குறிப்பவை என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். பொன்னிறத் திராட்சையில் 220 என்றிருந்தால் அது கந்தக டை ஆக்சைடு. ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் அதைத் தவிர்த்துக் கருந்திராட்சையை வாங்கலாம். பேரீச்சையும் அத்தியும் வேண்டுமானால் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் கடைகளில் ரம்ஜான் காலத்தில் கிடைக்கும் தரத்துக்கு ஈடில்லை.

குறிப்பில் எனக்கு உடன்பாடில்லாத இன்னொரு செய்தி சூடு. 180 டிகிரியில் 40 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். வெறும் ஸ்பாஞ்சு கேக்குக்கு அது சரி. கால் கிலோ மைதாவுக்கு அரை கிலோ பழம் சேர்த்த கேக் அந்தச் சூட்டில் மேலே கருகி, நடுவில் மாவாகவே இருக்கும். பழத்திலுள்ள சர்க்கரையும் சீக்கிரம் கசந்துபோகும். எட்டு அங்குல டின்னுக்கு 150 டிகிரியில் ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டு மணி நேரம் தேவை, டின்னின் உட்புறம் இரண்டு மடிப்புப் பட்டர் பேப்பரும் தேவை.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, கலந்த மாவைத் தகர டின்களில் ஊற்றி, ஈரத்துணி போர்த்தி, பக்கத்துப் பேக்கரிக்கு எடுத்துக்கொண்டு போவோம். விறகு எரித்துச் சூடேற்றிய செங்கல் அடுப்பில் அன்றைய ரொட்டியெல்லாம் வெந்து முடிந்த பிறகு, தணிந்துகொண்டே வரும் சூட்டில்தான் கேக் டின்களை நீண்ட மரத்துடுப்பால் உள்ளே தள்ளுவார்கள். டின்னில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகள் கருகிப்போய், ஒரு வருடம் எங்கள் கேக் யார் வீட்டுக்கோ போய், முந்திரியே இல்லாத ஒன்று எங்களிடம் வந்தது. அடுத்த வருடத்திலிருந்து பெரியம்மா டின்னின் விளிம்பில் ஆணியால் மூன்று புள்ளி குத்திவிட்டார். அந்த டின் இப்போது என்னிடம் இருக்கிறது. வெந்துவிட்டதா என்று ஈர்க்குச்சி குத்திப் பார்ப்பதற்கு முன் அவர் டின்னைத் துணியால் பிடித்துக் காதருகே கொண்டுபோவார். உள்ளே சிறுசிறு குமிழிகள் உடையும் கிசுகிசுப்புக் கேட்டால், "இன்னும் பேசிக்கினு இருக்குது, உள்ள தள்ளுப்பா" என்பார். பேச்சு ஏறக்குறைய அடங்கிய பிறகுதான் குச்சி. நான் இன்றும் அப்படியே செய்கிறேன். ஈரம் ஆவியாகும் ஓசை அது, கடிகாரத்தைவிட நம்பகமானது.

ஓவன் இல்லாதவர்கள் கனத்த அடிப்பாகமுள்ள பழைய குண்டானில் இரண்டு அங்குலம் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி பத்து நிமிடம் சூடேற்றிய பிறகு டின்னை இறக்கி, மிகச் சிறு தீயில் வைக்கலாம். பாலாற்று மணல்தான் இதற்கு உத்தமம் என்பார்கள் பழைய ஆட்கள். ஆற்றில் இப்போது தண்ணீரைப் போலவே மணலும் அரிதாகிவிட்டதால் உப்பே போதும். குக்கரைப் பயன்படுத்தினால் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், அதுவும் இனிச் சாம்பாருக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய குக்கராக இருக்கட்டும். தண்ணீரில்லாமல் நெடுநேரம் சூடேறிய அலுமினியம் பழைய நிலைக்குத் திரும்பாது.

மது சேராத கேக்கை வேலூர்த் தட்பவெப்பத்தில் வெளியே வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும், பட்டர் பேப்பரில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம். ஆகவே டிசம்பர் 20-ஆம் தேதிக்கு முன் இதைச் செய்வதில் பொருளில்லை. 19-ஆம் தேதி இரவு பழத்தை ஊறவைத்தால் சரியாக இருக்கும்.

சமையல் குறிப்பில் நேர்ந்த பிழையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தாங்கள் கருதலாம். குழந்தைகளின் கைக்கு எட்டும் அலமாரியில் இறுக மூடிய கண்ணாடி ஜாடி ஒன்று நாளுக்கு நாள் அழுத்தம் ஏறிக்கொண்டிருப்பது பெரிய விஷயம்தான். எனவே ஊறவைக்கும் காலத்தைப் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது, குறிப்பு வெளியான அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், படிக்கக்கூடிய எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தோலும் சூடும் அடுத்த வாரம் வந்தால் கூடப் பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.